ஆர்தெயாத்தினே குகைகளுக்குப் போகுமுன்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

ரோமில் ஒரு நாளை ஃபோஸ்ஸே ஆர்தெயாத்தினேக்கு ஒதுக்கியிருப்பதாக எழுதியிருந்தாய். நேராக அங்கே போய்விடாதே. 1944இல் ரோமைப் பிடித்து வைத்திருந்த நாஜி ஜெர்மானியர்கள், பழிக்குப் பழியாக 335 பேரைச் சுட்டுக் கொன்ற குகைகள் அவை. அங்கே நடந்தது ஒரே நாளுக்குள் தொடங்கி முடிந்த கொடுமை. அதன் தொடக்கம் நகரத்துக்குள் இருக்கிறது.

காலையில் முதலில் வியா ரசெல்லா தெருவுக்குப் போ. பார்பெரினி மெட்ரோவிலிருந்து நடந்தே போகலாம். 1944 மார்ச் 23 பிற்பகல், நான்கு மணிக்குச் சற்று முன், ஜெர்மானியரை எதிர்த்துப் போராடிய இத்தாலிய எதிர்ப்பியக்கத்தினர் குப்பை வண்டியில் வைத்த குண்டு இங்கே வெடித்தது. ஜெர்மன் போலீஸ் படையினர் 33 பேர் இறந்தார்கள். தெருவில் இருந்த ஒரு சிறுவனும் செத்தான். வியா தெல் போக்காச்சோ வந்து சேரும் மூலையில் அண்ணாந்து பார். படையினர் வீடுகளை நோக்கிச் சுட்ட தோட்டாத் தழும்புகள் சுவரில் அப்படியே இருக்கின்றன.

அடுத்து வியா தாஸ்ஸோ 145. அன்று நாஜிகளின் எஸ்.எஸ். படை நடத்திய சிறை, இன்று விடுதலை அருங்காட்சியகம். செங்கல் வைத்து ஜன்னலை அடைத்த அறைகளில், கைதிகள் சுவரில் கீறிய எழுத்துகளை நின்று பார். இத்தாலிய எழுத்துதான், ஆனாலும் அவசரப்படாதே. பாதிரியார் பியெத்ரோ பப்பகாலோவும் கர்னல் மொந்தேஸெமோலோவும் இங்கிருந்துதான் குகைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

குண்டில் இறந்த ஒரு ஜெர்மானியருக்குப் பத்துப் பேரைக் கொல்ல வேண்டும் என்பது ஆணை. 33 பேருக்கு 330. எஸ்.எஸ். அதிகாரி காப்லர் இரவோடு இரவாகச் சிறைகளிலிருந்து பெயர்களைத் திரட்டினான். போதாததற்கு, ரோம் போலீஸ் தலைவர் கரூசோவிடமிருந்து ஐம்பது பெயர் வாங்கினான். யூதர்கள் மட்டும் எழுபதுக்கு மேல். குகை வாசலில் எண்ணிப் பார்த்தபோது ஐந்து பேர் அதிகம். நடப்பதைப் பார்த்துவிட்டவர்களைத் திருப்பி அனுப்ப முடியாதென்று அவர்களையும் சுட்டார்கள். அந்த 335 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு போ.

வியா தாஸ்ஸோவிலிருந்து சான் ஜொவான்னி சதுக்கம் பக்கம்தான். அங்கே 218ஆம் எண் பஸ் பிடி. குகை வாசலருகே நிற்கும். பஸ் அடிக்கடி வராது, நினைவிடத்தையும் பிற்பகலிலேயே மூடிவிடுவார்கள். பலர் வந்து ஏமாறுவது இதனால்தான். மதியம் ஒரு மணிக்குள் போய்ச் சேர். கட்டணம் இல்லை. குகைக்குள் குளிரும், தரையும் சமமாக இருக்காது. கெட்டியான செருப்பும் மேலே போட ஒரு சட்டையும் தேவை.

எரிமலை மண் தோண்டிய பழைய சுரங்கம் அது. கையைப் பின்னால் கட்டி, ஐந்தைந்து பேராக உள்ளே கொண்டுபோய், மண்டியிட வைத்துப் பின்கழுத்தில் சுட்டார்கள். பிற்பாடு வந்தவர்கள் பிணங்களின் மேலேயே மண்டியிட வேண்டியிருந்தது. முடிந்ததும் வெடி வைத்துச் சுரங்கத்தை மூடினார்கள். அந்த வெடி பிளந்த திறப்பை இன்றும் பார்க்கலாம்.

ரோமில் உனக்கு யாராவது சொல்லக்கூடும்: "குண்டு வைத்தவர்கள் சரணடைந்திருந்தால் இவர்கள் பிழைத்திருப்பார்கள்." நம்பாதே. சரணடையச் சொல்லி அறிவிப்பே வரவில்லை. கொலை 24ஆம் தேதி இரவுக்குள் முடிந்துவிட்டது. செய்தி 25ஆம் தேதிப் பத்திரிகையில்தான் வந்தது. அந்த அறிக்கையின் கடைசி வரி, ஆணை ஏற்கெனவே நிறைவேற்றப்பட்டுவிட்டது என்பதுதான். செத்தவர்களின் பழியை எதிர்ப்பியக்கத்தின் தலையில் கட்ட, எண்பது ஆண்டுகளாக இந்தப் பொய் உலவுகிறது.

சுரங்கத்தைத் தாண்டினால் கல்லறை மண்டபம். ஏறத்தாழ 50 மீட்டர் நீள ஒற்றைக் கான்கிரீட் பலகை மேலே தாழ்ந்து நிற்கும். சுற்றிலும் உள்ள இடைவெளியில் மட்டும் வெளிச்சம் வரும். வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து பெயர், வயது, தொழில் மூன்றையும் படி. மிக இளையவனுக்கு 15 வயது, மூத்தவருக்கு எழுபதைத் தாண்டிய வயது.

வெளியே வருமுன் சிறு அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடு. 1944 கோடையில் மருத்துவர் அத்தீலியோ அஸ்கரெல்லியின் குழு, அழுகிய உடல்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்து, துணி, மோதிரம், சட்டைப்பையில் கிடந்த காகிதம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பெயர் கண்டுபிடித்தது. அப்படியும் சிலரை அடையாளம் காண முடியவில்லை. அவர்களில் சிலருக்கு அண்மை ஆண்டுகளில்தான் மரபணுச் சோதனையால் பெயர் கிடைத்தது. 'இக்னோத்தோ', அதாவது அறியப்படாதவர், என்று எழுதிய கல் கண்ணில் பட்டால், அங்கேயும் கொஞ்சம் நில்.

அன்புடன்,
அண்ணன்