தோப்போரமாகவே கொண்டுபோ

மாப்ள,

இங்கே எல்லோரும் சுகம். உன் மூன்று செய்திக்கும் பதில் போடாமல் இருந்ததற்கு நீ திட்டியது நியாயம்தான். நம் அல்டிமேட் ஃபிரிஸ்பீ லீக் முடியட்டும், முழுசாக எழுதுவோம் என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டமும் முடிந்தது. எட்டில் மூன்று வெற்றி, ஐந்து தோல்வி. முகத்தைச் சுளிக்காதே. முதல் நாலையும் வரிசையாகத் தோற்ற பிறகு வந்த மூன்று அது. எப்படி வந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மைதானம் உனக்குத் தெரிந்த அதே அரியமான் கடற்கரை மணல்தான். ஐந்து பேர் ஆட்டம். 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், இரண்டு முனையிலும் 15 மீட்டர் எண்ட்ஸோன், அதற்குள் டிஸ்க்கைப் பிடித்தால்தான் கோல். நீ இருந்தபோது கண்ணளவில் மூலை பிடித்து ஒவ்வொரு வாரமும் கோணலாகப் போடுவோமே, அந்த வேலை இனி இல்லை. 79 மீட்டர் 6 சென்டிமீட்டரில் ஒரு கயிறு வெட்டி முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறோம். குறுக்காக இரண்டு மூலைக்கும் அது சரியாக எட்டினால் மைதானம் கோணாமல் மூலைமட்டமாக நிற்கிறது என்று அர்த்தம். ஓரக் கயிற்றுக்கு இரும்பு முளை அடிப்பதில்லை, வெறுங்காலோடு ஆடுகிறவர்கள் அல்லவா. சின்னப் பையில் மணலைக் கட்டி, கயிற்று நுனியை அதில் முடிந்து, முழங்கை ஆழத்துக்குப் புதைத்தால் அசையாது. எண்ட்ஸோன் கோட்டு முனைகளையும் சேர்த்து எட்டு மூலைக்கும் பழைய வலை மிதவை. ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் தோளோடு தோள் நின்று இரண்டு நடை நடந்து பொறுக்குகிறோம்: கருவேல முள், சிப்பி, தூண்டில் முள், பாட்டில் சில்லு. ஒரே நடையோடு விட்ட வாரத்தில்தான் மண்டபத்துப் பையன் உள்ளங்காலைக் கிழித்துக்கொண்டான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கச்சான் காற்று.

அந்தக் கரையில் கச்சான் மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே சாய்ந்து வரும். மேற்கே பார்த்து ஆடினால் காற்று இடது முன்பக்கத்திலிருந்து முகத்தில் அடிக்கும். இடப்பக்கம் சவுக்குத் தோப்பு, வலப்பக்கம் கடல். ஒவ்வொரு கோலுக்கும் பிறகு பக்கம் மாறுகிறோம், அடித்த அணி அடித்த முனையிலேயே நின்று டிஸ்க்கை எறிந்து கொடுக்கிறது. இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது, நாம் அதை உட்கார்ந்து யோசித்ததே இல்லை. காற்றோடு ஒரு கோல் போட்டால், அடுத்து காற்றோடு ஆடும் வாய்ப்பு எதிரணிக்குப் போகிறது. அவர்கள் ஒன்று போடுவார்கள், நாம் ஒன்று போடுவோம், யாருக்கும் லாபமில்லை. எதிர்க்காற்றில் ஒரு கோல் போட்டால் நாம் காற்று வரும் முனையில் நிற்கிறோம். அவர்கள் மறுபடி எதிர்க்காற்றில் வரவேண்டும், தவறவிட்டால் நமக்குக் காற்றோடு இன்னொரு கோல். ஆக எதிர்க்காற்றுக் கோல் ஒன்று இரண்டுக்குச் சமம். முதல் நாலு ஆட்டத்திலும் சேர்த்து மேற்கே பார்த்து நாம் போட்ட கோல் ஒன்றே ஒன்று.

காரணம் கைத்திறன் இல்லை மாப்ள, கால். அலை தொட்ட ஓரத்தில் மணல் இறுகியிருக்கும், ஓடுவதற்குச் சுகம். காய்ந்த மணலில் கணுக்கால் புதையும். அதனால் நம் ஆட்கள் தங்களுக்கே தெரியாமல் கடலோரமாகத்தான் ஓடுகிறார்கள், டிஸ்க்கும் அங்கேதான் போகிறது. அங்கே தோப்பின் மறைவு கிடையாது, காற்று முழுசாக இறங்குகிறது, எறிந்த டிஸ்க்கைக் கடல் பக்கமே தள்ளுகிறது. கோட்டுக்கு வெளியே போக ஒரு முழம் காற்று போதும். எறிகிறவரை மறித்து நிற்கும் எதிரணி ஆள், அதாவது மார்க்கர், தோப்புப் பக்கத்தை அடைத்து நின்றால் கதை முடிந்தது. தோப்பை ஒட்டிய பத்து மீட்டரில் ஓட்டம் கஷ்டம், ஆனால் காற்று பாதிதான். ஐந்தாவது ஆட்டத்துக்கு முந்தின வாரம் ஒரு மிதவையில் துணி கட்டிக் கோட்டிலிருந்து கோடு வரை நடந்து பார்த்தோம். கடலோரத்தில் துணி விறைத்து நின்றது, தோப்போரத்தில் தொங்கித் தொங்கி ஆடியது. அன்றிலிருந்து மேற்கே போகும்போது ஒரே சத்தம்தான்: தோப்போரமாகவே கொண்டுபோ.

எறிவதிலும் மாற்றம் உண்டு. எதிர்க்காற்றில் டிஸ்க் மேலே எழும்பும், காற்றோடு போனால் பொத்தென்று விழும். எழும்புகிறதே என்று பலத்தைக் கூட்டினால் தள்ளாடும், முன் விளிம்பு தூக்கும், காற்று அடியில் புகுந்து பின்னால் கொண்டுபோய்ப் போடும். பலம் வேண்டாம், சுழற்சி வேண்டும். அகலக் கால் வைத்து, முழங்கால் உயரத்தில், மணிக்கட்டை வெட்டி விடவேண்டும். முன் விளிம்பும் தோப்புப் பக்கத்து விளிம்பும் மயிரிழை தாழ்ந்திருக்கட்டும். ரொம்பத் தாழ்த்தினால் காற்று மேலே ஏறி மணலில் அமுக்கிவிடும். எல்லாம் பத்து, பன்னிரண்டு மீட்டர்தான். வலது கைக்காரர்களுக்கு இந்தச் சாய்வு, உடம்புக்குக் குறுக்கே கை கொண்டுபோய் எறியும் பேக்ஹேண்டில் தானாக வரும், கைப்பக்கத்திலிருந்தே எறியும் ஃபோர்ஹேண்டில் மல்லுக்கட்ட வேண்டும். ஆகவே உன் புகழ்பெற்ற ஃபோர்ஹேண்டை மேற்கே பார்த்து ஆடும்போது பைக்குள் வைத்துக்கொள். தலைக்கு மேலிருந்து கவிழ்த்து எறியும் ஹாமர் அறவே கூடாது. வாங்குகிறவர் நின்ற இடத்தில் காத்திருக்காமல் டிஸ்க்கை நோக்கி வந்து, இரண்டு கையாலும் மேலும் கீழும் அமுக்கிப் பிடிக்கவேண்டும்.

காற்றோடு ஆடும்போது இதற்கு நேர்மாறு. வழி அடைத்தால், பின்னால் நிற்பவருக்குத் தட்டிவிடும் டம்ப் தேடித் திணறாதே, நீளமாக எறிந்துவிடு. பிடித்தால் கோல், விட்டாலும் அவர்கள் தங்கள் கோட்டடியிலிருந்து எதிர்க்காற்றில் தொடங்கவேண்டும். உடனே ஸோன், அதாவது ஆளுக்கு ஆள் பிடிக்காமல் இடத்தைக் காக்கும் தடுப்பு: எறிகிறவரை வளைத்து மூன்று பேர் கப், நடுவில் ஒருவர், கடைசியில் ஒருவர். மார்க்கர் தோப்புப் பக்கத்தை அடைத்துக் கடல் பக்கம் தள்ளட்டும். நம் மூன்று வெற்றியும் இப்படித்தான் வந்தது.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிந்ததும் பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் கடலுக்குப் போய்விட்டார்கள். சனி இரவு தூங்காமல் ஞாயிறு விடிய வந்து நிற்கும் பிள்ளைகளை எப்படி ஓடச் சொல்வது? அவர்களைக் கப்பில் வைக்காமல் கடைசி ஆளாக நிறுத்தினோம். டிஸ்க்கை எறிந்து ஆட்டத்தை நகர்த்தும் ஹேண்ட்லர் வேலை முழுக்க நர்சிங் படிக்கும் தங்கச்சி கையில்தான். தினம் சாயங்காலம் காற்றைப் பார்த்து நின்று நூறு பேக்ஹேண்ட் எறிகிறாள், ஒருநாள் தவறவில்லை. இந்த வருஷம் அணியைத் தூக்கி நிறுத்தியது அவள்தான். குடிக்க, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தேக்கரண்டி தலைதட்டி இருக்கவேண்டும், உப்பு கூடிவிட்டால் ஆபத்து.

என்னை உறுத்துவது, நம் ஆட்ட நடத்தைக்கு எதிரணி போடும் ஸ்பிரிட் மதிப்பெண். ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 4 வரை, 2 என்றால் இயல்பு, ஆகமொத்தம் 10 வந்தாலே நல்ல அணி. நமக்கு மூன்று ஆட்டத்தில் 7 வந்தது. குறைந்தது விதி அறிவிலும் பேச்சிலும். கப் ஆடும் பையன்கள் எறிகிறவரை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மார்க்கர் ஒருவரைத் தவிர வேறு யாரும் 3 மீட்டருக்குள் சும்மா நிற்கக்கூடாது. அங்கே இருக்கும் இன்னொரு எதிராளியைக் காத்து நின்றால் மட்டும் சரி. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. எதிரணி அதைத் தவறு என்று சொன்னபோது கத்திவிட்டார்கள். நடுவரே இல்லாத ஆட்டம் இது. அடிபட்டவனும் இடித்தவனும் பேசி முடிக்கவேண்டும், ஒத்துவராவிட்டால் டிஸ்க் எறிந்தவரிடமே திரும்பும், அவ்வளவுதான். அங்கே குரல் உயர்ந்தால் ஆட்டத்தில் மிச்சம் என்ன இருக்கிறது, சொல். தோற்றதுகூட ஆறிவிட்டது, இது ஆறவில்லை. இப்போது வியாழக்கிழமை தோறும் அரைமணி நேரம் மணலில் கோடு போட்டு விதி மட்டும் பேசுகிறோம். தகராறு வந்தால் யார் பேசுவது, யார் வாயைத் திறக்கக்கூடாது என்றும் நடித்துப் பார்க்கிறோம். கடைசி ஆட்டத்தில் 10 வந்தது.

வாடை தொடங்கினால் வடகடல் பக்கத்து அரியமான் ஆகாது, காற்று நேரே கடலிலிருந்து வரும். தென்கடல் பக்கம் சேதுக்கரையில் இடம் பார்த்திருக்கிறோம். அங்கே தோப்பு இல்லாததால் எல்லாவற்றையும் புதிதாகக் கணக்குப் போடவேண்டும், துணி கட்டிய மிதவை தயாராக இருக்கிறது.

பொங்கலுக்கு வரும்போது நாலு டிஸ்க் வாங்கி வா. அடியில் 175 கிராம் என்று போட்டிருக்கும். கனம் குறைந்ததைக் காட்டினால் தொடாதே, இந்தக் காற்றுக்கு அது தாங்காது. பெட்டியில் அடியில் வைத்து மேலே மூட்டையை அமுக்காதே, வளைந்துவிடும். பழையதில் விளிம்பெல்லாம் பிசிறு, மெல்லிய உப்புத்தாள் போட்டுத் தேய்த்துதான் ஓட்டுகிறோம். அம்மா உன்னைக் கேட்டார்கள். கருவாடு எடுத்து வைத்திருக்கிறார்களாம்.

உன்,
பங்காளி