சின்ன அலகைத் தொடவில்லை, ஐயா

அன்புள்ள நண்பர்களே,

தொலைந்துபோன என் மடக்குக்கத்தி கிடைக்கவில்லை. இனிமேல் கிடைக்கும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. என்ன நடந்தது, எங்கே நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப்பேர் என்னோடு குனிந்து தேடியவர்கள், மீதிப்பேர் செய்தியைப் பரப்பியவர்கள். அதனால் அந்தக் கதையை இங்கே மறுபடி எழுதப்போவதில்லை. எழுதினால் மறுபடி தேடக் கிளம்பிவிடுவேன்.

இன்னும் கொஞ்சம் பொறுத்து எழுதலாமே என்று வீட்டில் சொன்னார்கள். மனம் ஆறிய பிறகு எழுதினால் நிதானமாக வரும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அந்த நிதானம் வேண்டாம். ஆறிப்போன பிறகு எழுதும் நன்றி வாழ்த்து அட்டை வாசகம் மாதிரி ஆகிவிடும்.

முதலில் எல்லோருக்கும் மொத்தமாக ஒரு கும்பிடு. சோபா மெத்தைகளைக் கழற்றி உதறியவர்கள், கார் இருக்கைக்கு அடியில் கைவிட்டு விரலைச் சிராய்த்துக்கொண்டவர்கள், இருட்டிய பிறகும் டார்ச் விளக்கோடு புல்லை விலக்கிப் பார்த்தவர்கள், தொலைந்த பொருள்களுக்கான அலுவலகத்துக்கு எனக்காகத் தொலைபேசி செய்து, "கத்தியா? எதற்கு வைத்திருந்தார்?" என்ற கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னவர்கள், எல்லோருக்கும். உலோகம் கண்டறியும் கருவியை யாரிடமோ இரவல் வாங்கிக்கொண்டு வந்த அன்பருக்குத் தனியாக ஒன்று. அவர் கண்டெடுத்ததெல்லாம் பாட்டில் மூடிகளும் ஒரு சாவியும்தான். அந்தச் சாவிக்குச் சொந்தக்காரர் யார் என்று இப்போது அவர் தேடிக்கொண்டிருக்கிறார்.

"ஒரு பேனாக்கத்திதானே, வேறு வாங்கிக்கொள்" என்று சொன்னவர்களுக்கும் நன்றி. அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்தான் கடைசிவரை தேடினார் என்பதையும் கவனித்தேன்.

இன்னொரு நண்பர், வாங்கத்தான் போகிறாய் என்றால் நல்லதாகப் பார்த்து வாங்கு என்று ஒரே பிடிக்குள் பல கருவிகள் மடங்கிக் கிடக்கும் ஸ்விஸ் கத்தியின் சரித்திரத்தையே எடுத்துவிட்டார். 1884இல் கார்ல் எல்ஸனர் பட்டறை தொடங்கியது, 1891இல் ராணுவ வீரர்களுக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தது, அது கனமாக இருக்கிறதென்று அதிகாரிகளுக்காக மெலிதான ஒன்றை வடிவமைத்து 1897இல் பதிவுசெய்தது, அதில் இரண்டே வில்களை (ஸ்பிரிங்குகளை) வைத்து ஆறு கருவிகளை இயங்கவைத்தது என்று நிறுத்தாமல் சொன்னார். துக்க வீட்டில் பொறியியல் பாடம் நடத்துகிறாரே என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் பேசி முடிக்கும்வரை நான் காணாமல்போன கத்தியை நினைக்கவே இல்லை. வேலை செய்திருக்கிறது.

என்னுடையது ஸ்விஸ் கத்தி இல்லை. ஓபினெல், எட்டாம் எண். பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் என்பவர் 1890இல் செய்யத் தொடங்கிய மடக்குக்கத்தி. பீச் மரத்தில் உருண்டையான பிடி, எட்டரை சென்டிமீட்டர் அலகு, 1955 முதல் கழுத்தில் சுழலும் ஒரு பூட்டு வளையம், வேறொன்றும் கிடையாது. இன்றும் செய்கிறார்கள். புதிதாக ஒன்று வாங்கினால் நூலிழை பிசகாமல் அதே அளவில் வந்துசேரும். ஆனால் அது என் கத்தியாக இருக்காது. வேறு வாங்கிக்கொள் என்றவர்களுக்கு இதைத்தான் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

என் கத்தியின் அலகு கார்பன் எஃகு. துருப்பிடிக்காத எஃகைப்போல அது முதல்நாள் பளபளப்பிலேயே நின்றுவிடாது. எலுமிச்சையோ ஆப்பிளோ நறுக்கினால் சாறு பட்ட இடம் சாம்பல் நிறமாகும், சில இடங்களில் நீலம் ஓடும். அந்தப் படலம் நன்றாகப் படிந்துவிட்டால் செந்துரு அவ்வளவு சுலபத்தில் ஏறாது. பல வருடங்கள் கைமாறாமல் புழங்கியதில் என் அலகில் நுனியிலிருந்து கழுத்துவரை மேகம் மேகமாகக் கருமை படிந்திருந்தது. தீட்டித் தீட்டி, வெட்டும் விளிம்பான வாய்ப்பகுதி நடுவில் லேசாக உள்வாங்கியிருந்தது. பிடியில் கட்டைவிரல் அழுந்தும் இடம் மட்டும் கருத்து வழவழப்பாகியிருந்தது. இதில் எதையும் எந்தத் தொழிற்சாலையும் செய்து தராது.

கை இன்னும் தானாகவே சட்டைப்பைக்குப் போகிறது. பார்சல் வந்தால் போகிறது, பொத்தானில் நூல் பிரிந்தால் போகிறது, பென்சில் முனை உடைந்தால் போகிறது. போய் வெறுமனே திரும்புகிறது. துக்கம் மனதில் இருக்கும் என்பார்கள். எனக்கு அது வலது கையில் இருந்தது.

இனி, இந்த மடலை எழுத வைத்தவரிடம் வருகிறேன்.

தேட வந்தவர்களில் ஒரு பெரியவர் இருந்தார். பெயர் போடக் கூடாது என்று உத்தரவு. ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "தீட்டுவது நீங்கள்தானா தம்பி, வெளியே கொடுப்பீர்களா?" என்று கேட்டார். நானேதான் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். கத்தியைத் தேடும் இடத்தில் இது என்ன கேள்வி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் அவருடைய பேரன் ஒரு துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். இயந்திர எண்ணெய் வாசனை. பிரித்தால் உள்ளே ஒரு பழைய ஸ்விஸ் கத்தி, 91 மில்லிமீட்டர் அளவு. சிவப்புப் பிடியின் ஓரங்கள் உரசி வெளுத்திருந்தன, பல்குச்சி செருகும் துளை காலியாக இருந்தது. கூடவே நான்காக மடித்த ஒரு துண்டுச் சீட்டு.

"பெரிய அலகு உங்களுக்கு. மழுங்கிக் கிடக்கிறது. உங்கள் கைக்குத் தகுந்தபடி தீட்டிக்கொள்ளுங்கள். புதுக்கத்தி பழகும்வரை வைத்திருக்கலாம். சின்ன அலகைத் தொட வேண்டாம். அது என்னுடையது."

கத்திப் பழக்கம் இல்லாதவர்களுக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஒவ்வொருவர் கைக்கும் தீட்டுகிற சாய்வு ஒன்று உண்டு. நான் பக்கத்துக்கு ஏறக்குறைய 20 டிகிரியில் கல்லில் வைப்பவன். வேறொருவர் பட்டையாகவோ செங்குத்தாகவோ வைத்துத் தேய்த்தால் அந்த வாய் வேறு வாயாகிவிடும், அதை மீட்க இன்னும் கொஞ்சம் எஃகை இழக்க வேண்டும். கடன் கொடுத்த பணம் என்றைக்காவது திரும்பி வரும், கல்லில் கரைந்த எஃகு வராது. கத்தி வைத்திருப்பவர்கள் கத்தியை இரவல் கொடுப்பதே அபூர்வம். கொடுத்தாலும் கண் அதன் மேலேயே இருக்கும். தன் கத்தியை இன்னொருவன் தீட்டிக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்த ஆளை நான் இதற்குமுன் கண்டதில்லை. நான் கொடுத்ததும் இல்லை.

கூரான கத்தியாகவே அனுப்பியிருக்கலாம். அவருக்குத் தீட்டத் தெரியாதா என்ன? அப்படி அனுப்பியிருந்தால் ஒரு கவரைக் கிழித்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்திருப்பேன். மழுங்கலாக வந்ததால் எனக்கு ஒரு வேலை வந்தது. கிளம்பும்போது அவர் கேட்ட கேள்வி எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

அன்று இரவு தீட்டுக்கல்லை நனைத்து வைத்து உட்கார்ந்தேன். எஃகுத்தூளோ தண்ணீரோ சின்ன அலகின் பக்கம் போய்விடக் கூடாது என்று, அது மடிந்து கிடக்கும் பள்ளத்தின்மேல் காகித நாடா ஒட்டிக்கொண்டேன். பிறகு பெரிய அலகு. முதலில் ஒரு பக்கம், மறுபக்க விளிம்பில் பிசிர் எழும்பும்வரை. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிசிரைக் கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கம் நழுவவிட்டுத்தான் உணர முடியும், லேசாக ஒட்டி இழுக்கும். பிறகு திருப்பி அடுத்த பக்கம். என் கார்பன் எஃகு கல்லில் சுத்தமாகப் பேசும், இது கொஞ்சம் பிடிவாதம், பிசிர் எளிதில் உதிரவில்லை. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் இழுத்து இழுத்து அதை உதிர்த்தேன். செய்தித்தாள் தாளை ஓரத்திலிருந்து சத்தமே இல்லாமல் வகிர்ந்தது.

மடக்கும்போது ஒரு வேடிக்கை. கட்டைவிரல் தானாக வளையத்தைத் தேடிப்போனது. இந்தக் கத்தியில் பூட்டும் இல்லை, வளையமும் இல்லை, முதுகுப்பக்கத்து வில்லின் அழுத்தம்தான் அலகைத் தாங்கி நிற்கிறது. இல்லாத வளையத்தைத் திருப்பப்போன விரலைப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன். கத்தி போனதற்குப் பிறகு அதை நினைத்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சின்ன அலகை ஏன் தொடக் கூடாது என்று நான் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. திறந்துகூடப் பார்க்கவில்லை, ஐயா. முழுக்கத்தியையும் கொடுத்திருந்தால் உங்களைப் பெரிய மனதுக்காரர் என்று சொல்லிவிட்டு மறந்திருப்பேனோ என்னவோ. பாதியை உங்களுக்கென்று வைத்துக்கொண்டதால்தான், ஒரு கத்தியை நினைத்து மனிதன் இவ்வளவு வருந்தலாமா என்ற கூச்சம் எனக்குப் போனது. நீங்களும் அந்த இனம்தான் என்று தெரிந்துவிட்டதே.

ஒரு தீர்மானமும் செய்திருக்கிறேன், எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவைக்கிறேன். எதையாவது தொலைத்துவிட்டு நிற்பவரிடம் "கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?" என்று இனிமேல் கேட்கமாட்டேன். அந்தக் கேள்வியை அவர் தனக்குள் ஆயிரம் முறை கேட்டுச் சலித்திருப்பார். அவர் கைக்கு ஏதாவது வேலை கொடுக்க முடியுமா என்று பார்ப்பேன். இன்னொன்று, நம்மில் யாருடைய கத்தியாவது காணாமல்போனால் என்னுடையதை இரவல் கேட்கலாம். தீட்டவும் விடுகிறேனா என்பதை அப்போது பார்த்துக்கொள்வோம். பெரியவர் அளவுக்கு நான் இன்னும் வளரவில்லை.

ஆமாம், புது எட்டாம் எண் வந்துவிட்டது. மரம் வெளிறிக் கிடக்கிறது, அலகு கண்ணைக் கூசுகிறது. வினிகரில் தோய்த்து வைத்தால் ஒரே இரவில் பழைய கத்திபோலக் கருத்துவிடும் என்று இருவர் சொன்னார்கள். உண்மைதான், பலர் செய்கிறார்கள். நான் செய்யப்போவதில்லை. பழத்தை நறுக்கி நறுக்கி அது தானாகக் கருக்கட்டும். அதுவரை பெரியவரின் கத்திதான் பையில். திருப்பித் தரும்போது தீட்டித் தரட்டுமா, வந்தபடியே மழுங்கவிட்டுத் தரட்டுமா என்று பேரனிடம் கேட்டனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

கடைசியாக ஒருவருக்கு முன்கூட்டியே நன்றி. என் கத்தியை என்றாவது கண்டெடுக்கப்போகிற முகம் தெரியாத உங்களுக்கு. திருப்பித் தர வழி தெரியாவிட்டால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் புழங்குங்கள். அலகில் இருக்கும் கருமையைத் துரு என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள். பயன்படுத்தியதும் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஈரக்காற்றில் மரம் உப்பிக்கொண்டு அலகு திறக்க மறுக்கும், நகத்தால் இழுத்துப் போராட வேண்டாம். வளையத்தைத் திறந்த நிலையில் வைத்து, பிடியின் அடிப்பக்கத்தை மேசைமேல் ஒரு தட்டுத் தட்டுங்கள், அலகு கொஞ்சம் தலைநீட்டும். சவோய்க்காரர்கள் கண்டுபிடித்த வித்தை அது. திறந்ததும் மறக்காமல் வளையத்தைப் பூட்டிக்கொள்ளுங்கள். நன்றாகத் தீட்டிய கத்தி, விரல் பத்திரம்.

அன்புடன்,
கத்தியைத் தொலைத்தவன்