காரிடார் சுவர்ல யாரோட படம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அபார்ட்மென்ட் பொது இடங்கள்ல ஓவியம் வரையறது இப்ப ஒரு ஃபேஷன் ஆயிடுச்சு, தப்பில்ல, ஆனா அது நடக்கிற விதம்தான் எனக்கு ஒத்து வரல. அசோசியேஷன்ல கொஞ்சம் பணம் ஒதுக்குவாங்க, வாட்ஸ்அப் க்ரூப்ல நாலு டிசைன் போட்டு ஓட்டு கேப்பாங்க, கடைசில யாரும் எதிர்ப்பு சொல்லாத ஒண்ணு ஜெயிக்கும், ஒரு மரம் ரெண்டு பறவை கொஞ்சம் நீல கலர். பல் டாக்டர் கிளினிக் வெயிட்டிங் ரூம்லயும் இதேதான் இருக்கும். அந்த பில்டிங்ல யார் குடியிருக்காங்கன்னு அந்த சுவரப் பாத்தா ஒண்ணும் தெரியாது.

அல்பேனியா தலைநகர் டிரானால 2000ல மேயரான எடி ராமா அடிப்படையில ஒரு ஓவியர், சாம்பல் பூத்துக் கிடந்த பழைய அடுக்குமாடி வீடுகளுக்கு பளிச்னு கலர் அடிக்க வெச்சார், ஊரே மாறுன மாதிரி ஆச்சு. ஆனாலும் அதுல தெரிஞ்சது மேயரோட ரசனைதான். வியன்னால ஹுண்டர்ட்வாஸ்ஸர்னு ஒரு ஓவியர் வேற மாதிரி யோசிச்சார். வாடகைக்கு இருக்கறவங்களா இருந்தாலும் ஜன்னல்லேந்து கை நீட்டினா எவ்வளவு தூரம் எட்டுதோ அந்த சுவர் அவங்க இஷ்டம்னு 1958லயே அறிக்கை விட்டவர், பின்னாடி அந்த நகராட்சிக்காக அவர் டிசைன் பண்ணின குடியிருப்பு 1985ல முடிஞ்சுது. அந்த 'கை எட்டற தூரம்'ங்கற அளவு எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு, சண்டைக்கே இடமில்ல பாருங்க.

நம்ம காரிடாருக்கும் அதையே செய்யலாமே. ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு பக்கத்துல ஒரே அளவுல ஒரு சதுரம், அதுல என்ன வரணும்னு அந்த வீட்டுக்காரங்க முடிவு. ரிட்டயர்டு பஸ் டிரைவர் தான் ஓட்டின ரூட்ட வரையட்டும், தையல் வேலை செய்யறவங்க பட்டன் டிசைன வரையட்டும், வரைய வராதவங்க உடைஞ்ச டைல்ஸ ஒட்டட்டும் இல்ல சும்மா பிடிச்ச ஒரு கலர் அடிச்சு விடட்டும். முக்கியமா வாடகைக்கு இருக்கறவங்களுக்கும் இது கிடைக்கணும், ஓனர் லெட்டர் கொண்டு வா அது இதுன்னு அலைய விடக்கூடாது.

கமிட்டிக்கு வேலை இருக்கு, ஆனா ரசனைல இல்ல. காரிடாரும் படிக்கட்டும் தீ பிடிச்சா தப்பிச்சு ஓடற வழி, அங்க துணி தெர்மாகோல் பேப்பர்னு எரியற சாமான் எதையும் மாட்ட விடக்கூடாது, பெயிண்ட்டும் டைல்ஸும் போதும். சுவர்ல ஓதம் இருந்தா முதல்ல அத சரி பண்ணணும், இல்லன்னா என்ன நல்ல பெயிண்ட் அடிச்சாலும் உப்பி உரிஞ்சு வந்துடும். கட்சி சின்னம், அடுத்தவங்கள திட்டற மாதிரி படம் இதெல்லாம் கூடாதுன்னு ஆரம்பத்துலயே எழுதி வெச்சுடலாம். வீடு விக்கும்போது விலை குறையும்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்வார், ஒரு கோட் வெள்ளை அடிக்க எவ்வளவு நேரம் ஆகும் சார்?

சிலது அசிங்கமா இருக்கும்தான், இருந்துட்டு போகட்டும். காலி பண்ணிட்டு போறவங்க படத்த என்ன பண்றதுன்னு கேட்டா, போறவங்க ஒரு போட்டோ எடுத்துக்கட்டும், வெச்சுக்கறதா மேல அடிச்சுடறதாங்கறத புதுசா வர்றவங்க பாத்துப்பாங்க.

இப்படிக்கு,
மூணாவது மாடி வாசகர்