நின்றுபோன ரயிலில் இருப்பவர்களுக்கும் ஒரு சட்டம் வேண்டும்

கனடாவின் பயணிகள் ரயில் சேவைக்குப் பொறுப்பான அரசினருக்கும் அதை நடத்தும் நிர்வாகத்தினருக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரியோருக்கு வணக்கம்.

விக்டோரியா தின நீள் வார இறுதியில் மொன்றியலிலிருந்து கியூபெக் நகருக்குப் புறப்பட்ட எங்கள் ரயில் ஏன் வழியில் மணிக்கணக்காக நின்றது என்பது உங்கள் பதிவேடுகளில் இருக்கும். இயந்திரம் பழுதாவது எந்த நாட்டிலும் நடக்கக்கூடியதே. ஆனால் நின்ற வண்டிக்குள் இருந்தவர்களை எப்படிப் பேண வேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களைக் கட்டுப்படுத்தவில்லை. அந்தச் சட்டத்தைக் கேட்டே இம்மடலை எழுதுகிறேன்.

என்னுடன் வந்த அம்மா எழுபதைத் தாண்டியவர், நீரிழிவு நோயாளி. வண்டி நின்று வெகுநேரம் ஆவதற்குள் எங்கள் பெட்டியின் கழிப்பறை அடைத்துக்கொள்ள, பணியாளர் அதைப் பூட்டிவிட்டார். அடுத்த பெட்டியில் இருந்ததற்கு, குழந்தைகளைத் தூக்கிய தாய்மார்கள் உட்பட, நீண்ட வரிசை. அதைப் பார்த்ததும் அம்மா தண்ணீர்ப் போத்தலை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். எவ்வளவோ கெஞ்சியும், "குடித்தால் போகவேண்டி வரும் பிள்ளை" என்று சொல்லி, வாய் உலர்ந்த நிலையிலும் ஒரு மிடறுகூடக் குடிக்க மறுத்தார். சர்க்கரை நோயாளி தண்ணீரைத் தவிர்ப்பது எவ்வளவு ஆபத்தானது என்பது அவருக்குத் தெரியாததல்ல. முன்பின் அறியாதவர்கள் நடுவே மானம் போகக்கூடாது என்ற அச்சம் அந்த ஆபத்தைவிடப் பெரிதாக அவருக்குத் தோன்றியது. வண்டியில் விற்ற உணவும் தீர்ந்த பிறகு, ஊசி போட்டுக்கொண்டவருக்குச் சாப்பிட என்ன கொடுப்பது என்று நான் பெட்டி பெட்டியாகப் போய்க் கேட்டேன். முகம் தெரியாத ஒரு பெண் கொடுத்த வாழைப்பழமே அன்று அவரைக் காத்தது.

பணியாளர்களை நான் குறை சொல்லவில்லை. எங்களைப் போலவே அவர்களுக்கும் எதுவும் தெரிவிக்கப்படவில்லை. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி ஒலித்த அறிவிப்பு "இன்னும் சிறிது நேரத்தில்" என்பதைத் தாண்டி எதையும் சொல்லவில்லை. தண்டவாளத்தில் இறங்குவது ஆபத்து என்று கதவுகளைத் திறக்க மறுத்ததையும் ஏற்கிறேன். ஆனால் எங்களை உள்ளே வைத்துப் பூட்டும் அதிகாரம் உங்களுக்கு இருக்குமானால், தண்ணீரும் உணவும் கழிப்பறையும் உண்மையான தகவலும் தரும் கடமையும் உங்களுக்கு இருந்தாக வேண்டும்.

2024ஆம் ஆண்டு தொழிலாளர் தின வார இறுதியில், இதே வழித்தடத்தில் பழுதடைந்த ரயிலில் பயணிகள் 10 மணி நேரத்துக்கும் மேலாகச் சிக்கித் தவித்ததை நாடே அறியும். அதன் பின் வருத்தம் தெரிவிக்கப்பட்டது, நாடாளுமன்றக் குழு விசாரித்தது. சட்டம் மட்டும் வரவில்லை. விமானப் பயணிகளுக்கு 2019 முதல் இந்நாட்டில் விதிகள் உள்ளன: புறப்படாமல் தரையில் நிற்கும் விமானத்தில் கழிப்பறை, காற்றோட்டம், உணவு, குடிநீர் ஆகியவற்றைத் தர வேண்டும், சில விதிவிலக்குகள் தவிர 3 மணி நேரத்துக்குப் பின் பயணிகளை இறங்க விட வேண்டும். ரயிலில் செல்பவரின் உடலுக்கு இதே தேவைகள் இல்லையா? ஐரோப்பிய ஒன்றியத்தில் ரயில் 60 நிமிடம் தாமதமானாலே இயன்றவரை உணவும் பானமும் தர வேண்டும் என்பது விதி.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பயணிகள் ரயில்கள் ஓடும் தண்டவாளத்தில் சுமார் 3 சதவீதமே அந்தச் சேவைக்குச் சொந்தம். பெரும்பகுதி சரக்கு ரயில் நிறுவனங்களின் கையில் இருக்கிறது. நெடுந்தொலைவுப் பயணிகள் ரயிலுக்குச் சரக்கு வண்டி வழிவிட வேண்டும் என்று அமெரிக்கா 1973இலேயே சட்டம் இயற்றியது. இங்கே அது இன்னும் இல்லை. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ரொறன்ரோவையும் கியூபெக் நகரையும் இணைப்போம் என்ற 2025ஆம் ஆண்டின் அறிவிப்பை நானும் வரவேற்றேன். ஆனால் அந்த ரயில் வரும்வரை, என் அம்மாவைப் போன்றவர்கள் இன்றைய தண்டவாளத்தில்தான் பயணம் செய்தாக வேண்டும்.

1608இல் நிறுவப்பட்டு இன்றும் மதில் சூழ நிற்கும் கியூபெக் நகரையும், அதன் அருகே சென்ற் ஆன் டி போப்ரே என்ற ஊரிலுள்ள பேராலயத்தையும் பார்ப்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அந்நகரின் பலே ரயில் நிலையத்தில் நள்ளிரவில் இறங்கியவர் மறுநாள் முழுவதும் விடுதி அறையில் படுத்தே இருந்தார். பேராலயத்துக்கு நாங்கள் போகவில்லை.

ஆகவே மிகுந்த பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்: ரயில் பயணிகளின் உரிமைகளைச் சட்டமாக்குங்கள். வண்டி நின்றால் எத்தனை மணி நேரத்துக்குள் உணவும் குடிநீரும் வர வேண்டும், எப்போது மாற்று வாகனம் வர வேண்டும், யார் பொறுப்பு என்பதை அதில் எழுதுங்கள். சட்டம் வரும்வரை, ஒவ்வொரு வண்டியிலும் அவசர உணவையும் குடிநீரையும் போதிய அளவு வைப்பதற்கு நிர்வாகம் இன்றே ஆணையிடலாம். அதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. அடுத்த நீள் வார இறுதிக்கு முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மொன்றியலில் வாழும் ஒரு பயணி