எல்லா நாய்க்கும் ஒரே பிளேட்டா?

கால்நடை மருத்துவத் துறையில் கொள்முதலை முடிவு செய்யும் அதிகாரிகளுக்கு, ஊட்டி அருகே உள்ள தலைகுந்தாவிலிருந்து வணக்கம்.

மலையில் எலும்பு அறுவை சிகிச்சைக்கு என்ன வசதி இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். முறிந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்கத் திருகாணி போட்டுப் பொருத்தும் பிளேட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பொமரேனியன் மூன்று கிலோகூடத் தேறாது. கட்டிலிலிருந்து குதித்ததில் முன்னங்கால் மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்தது. சின்ன நாய்களுக்கு அங்கே ரத்த ஓட்டம் குறைவு, மாவுக்கட்டை நம்ப முடியாது, பிளேட்தான் வழி என்றார்கள். இங்கே பிளேட் இல்லை. மேட்டுப்பாளையம் இறங்கும்வரை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கத்திக்கொண்டே வந்தது. கீழே இருந்ததும் ஒரே வகை ஸ்டீல்தான், அந்தக் காலுக்குத் தடிமன். அதையே வைத்தார்கள்.

எலும்பு கூடியது, மறுக்கவில்லை. மார்கழியில் உறைபனி விழுந்ததும் நொண்ட ஆரம்பித்தது. சதையே இல்லாத இடத்தில், தோலுக்கு அடியில் உலோகம். புல் வெளுத்துக் கிடக்கும் காலையில் மூன்று காலில் நிற்கிறது, அடுப்படியை விட்டு நகர்வதில்லை. எக்ஸ்ரேயில் பிளேட்டுக்கு அடியில் எலும்பு மெலிந்திருக்கிறது. ஸ்டீலின் விறைப்பு எலும்பைப்போல் ஏறக்குறைய 10 மடங்கு. பாரத்தையெல்லாம் அதுவே சுமந்தால் எலும்பு இளைக்காமல் என்ன செய்யும்? இப்போது பிளேட்டை எடுக்க மறுபடி கீழே போக வேண்டுமாம்.

டைட்டானியத்தின் விறைப்பு ஸ்டீலில் பாதிதான். விலை கூடுதல், தெரியும். குழந்தைகளின் மண்டையோட்டு அறுவை சிகிச்சையில், உடலிலேயே கரைந்துபோகும் பாலிமர் பிளேட்டுகளைப் பல ஆண்டுகளாக வைக்கிறார்கள். அது ராஜபாளையம் நாயைத் தாங்காது, சரி. மூன்று கிலோ நாய்க்காவது முயன்று பார்க்கலாமே? கரைந்துவிட்டால் எடுக்க வேண்டிய வேலையும் இல்லை, பனியில் சில்லிட உலோகமும் இல்லை.

ஆகவே என் கோரிக்கை: மலை மருத்துவமனைக்கு ஒரே வகை பிளேட்டை வாங்கி அனுப்பாதீர்கள். மே மாதம் மலர்க் கண்காட்சி வந்தால் பூக்களை யானையாகவும் கோபுரமாகவும் அடுக்கி நிறுத்த இந்த மாவட்டத்தில் ஆளும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. விரல் நீளப் பிளேட்டுக்கு மட்டும் 'நிதி இல்லை'. அது உங்கள் துறை இல்லைதான், மன்னிக்கவும்.

சின்ன அளவு டைட்டானியம் பிளேட்டுகளும் அதற்கேற்ற திருகாணிகளும் இங்கேயே இருக்கட்டும். கரையும் பிளேட்டை எந்த நாய்களுக்கு வைக்கலாம் என்று கால்நடை மருத்துவக் கல்லூரி அறுவை சிகிச்சைத் துறையிடம் கேட்டு முடிவெடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், ஒரே வகை போதாது. அடுத்த கொள்முதல் பட்டியலில் இதைச் சேர்க்க முடியுமா, முடியாதா என்று ஒரு வரி பதில் போட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தலைகுந்தாவில் நாய் வளர்க்கும் ஒருவன்