நாற்காலியைக் காத்தவருக்கும் உடன் வந்த அனைவருக்கும்

துடுப்பால் செலுத்தும் சிறு படகான கயாக்கில், சக்கர நாற்காலியில் வாழும் நாங்கள் சென்ற கடல் பயணத்தில் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

அன்று பிற்பகல் காற்று திசைமாறி, நாங்கள் வேறொரு கரையில் ஒதுங்க நேர்ந்தபோது நடந்தவை உங்களுக்குத் தெரியும். அவற்றை மீண்டும் விவரிக்கப்போவதில்லை. எல்லோரும் நலமாகக் கரைசேர்ந்தோம். தோள்வலி இன்னும் முழுதாகத் தீரவில்லை என்றாலும், நன்றி சொல்வதைத் தள்ளிப்போட மனம் வராமல் எழுதுகிறேன்.

முதலில் குறிப்பிட வேண்டியவர், கடலுக்குள் வராமல் கரையிலேயே நின்ற ஓர் அன்பர். பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அதைத் தவிர்க்கிறேன். என்னைக் கயாக்கில் அமர்த்திய பிறகு அவர் அருகில் வந்து, “உங்கள் நாற்காலியை நான் நகர்த்தலாமா? எதைப் பிடித்துத் தூக்க வேண்டும்?” என்று கேட்டார். சக்கர நாற்காலியில் வாழ்கிறவர்களிடம் இப்படி அனுமதி கேட்பவர்கள் அரிது. பலர் அதை யாரோ விட்டுச்சென்ற பொருளைப்போல இழுத்து ஓரங்கட்டிவிடுவார்கள். சட்டத்தைப் பிடித்துத் தூக்கலாம், கழன்றுவிடும் கால்தாங்கியைப் பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்தேன். அதன்பின் நாற்காலியின் நினைவே எனக்கு வரவில்லை.

நாங்கள் அந்தக் கரையில் ஒதுங்கியபோது, எல்லாருடைய கவனமும் நியாயமாகவே ஆட்களின்மேல் இருந்தது. அவரோ செய்தி கிடைத்தவுடன் இன்னும் சிலரைச் சேர்த்துக்கொண்டு, எங்கள் நாற்காலிகளைப் பாறைகளைச் சுற்றித் தூக்கிவந்துவிட்டார். என்னைத் தூக்கி இறக்கிய இடத்தில், ஈரமணலில் சக்கரம் புதையாதபடி பலகைமேல் நிறுத்தி, பிரேக் போட்டு, நாற்காலி தயாராக இருந்தது. வழக்கம்போல் இருக்கையைக் கையால் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. நண்பகல் முழுவதும் அதை நிழலில் வைத்து, மெத்தையைத் துணியால் மூடி, முன்சக்கரங்களில் ஏறிய மணலைத் தட்டி, உப்புநீர் பட்ட இடங்களை நன்னீரால் துடைத்திருக்கிறார்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், தண்டுவடக் காயத்தால் இடுப்புக்குக் கீழ் உணர்வற்ற என்போன்றவர்களுக்கு, வெயிலில் காய்ந்த இருக்கை சுடுவது தெரியாது. தோல் கொப்பளித்த பிறகு கண்ணால் பார்த்துத்தான் அறிவோம், அந்தப் புண் ஆறுவதற்குள் பல மாதங்கள் படுக்கையில் போய்விடக்கூடும். இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தற்செயலாகத் தொட்டபோது தம் கை சுட்டதாகவும், அதன்பிறகே நிழல் தேடியதாகவும் சொன்னார்.

கடலில் உடனிருந்தவர்களுக்கும் என் நன்றி உரியது. ஒவ்வொருவர் உடலுக்கும் ஏற்ப இருக்கையில் நுரைப்பஞ்சை வெட்டிப் பொருத்தியவர்கள், கயாக்கின் இருபுறமும் மிதவைகளைப் பூட்டியவர்கள், விரல்பிடி இல்லாதவர்களின் கையில் துடுப்பு நிற்க வழிசெய்தவர்கள், தண்டுவடக் காயத்தால் வியர்க்காத உடல்கள் சூடேறிவிடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தவர்கள், நீரில் விழுந்தவரைத் தானாக ஏறச் சொல்லாமல், கயாக்கைப் பக்கவாட்டில் சாய்த்து நீர் புகவிட்டு, மிதந்தபடியே அவரை உள்ளே சேர்த்து நிமிர்த்திய இருவர் என எல்லோரையும் நினைக்கிறேன். உடல் சரியாதிருக்க வாரால் கட்டிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னபோது, கவிழ்ந்தால் வெளியேறவிடாத எந்தக் கட்டும் கூடாது என்று மறுத்து, உயர்ந்த முதுகுச்சாய்வையும் பக்கத் திண்டுகளையும் கொண்டே காரியத்தை முடித்த பயிற்றுநரின் பிடிவாதத்தை, பிற்பகலில்தான் நான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

2016 ரியோ பாராலிம்பிக் முதல் கயாக் ஒரு போட்டியாகவும் இடம்பெறுகிறது. அது அமைதியான நீரில், 200 மீட்டர் நேர்ப்பாதையில் நடப்பது. கடலிலோ புறப்பட்ட இடத்திலேயே கரையேறுவோம் என்ற உறுதி இல்லை. ஆகவே பயணத் திட்டத்தில் படகுகளுக்கு இணையாக நாற்காலிகளுக்கும் ஒரு வழி குறிக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. அது இதுவரை யாரோ ஒருவரின் நல்ல மனத்தை நம்பியே நடந்திருக்கிறது.

அடுத்த பயணத்தில், முதன்முறையாக வருகிறவர்களுக்காக நான் கரைப்பணியில் இருப்பேன். ஒவ்வொரு நாற்காலியிலும் எதைப் பிடிக்கலாம், எது கழன்றுவரும், எந்த மெத்தையில் காற்றழுத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுதி வைப்பது என் பொறுப்பு. பயிற்றுநர் சம்மதித்துவிட்டார். என் கயாக்கை அந்த அன்பருக்கு ஒதுக்கும்படியும் கேட்டிருக்கிறேன். நீச்சல் தெரியாது என்று அவர் தயங்குகிறார். எனக்கும் கால்கள் வேலைசெய்யாது என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.