மூளைப் படத்தில் நிறம் கூடினால் திறன் கூடியதாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயல்நினைவு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, கடினமான வேலையின்போது மூளை முழுவதும் ஒளிர்வதாகவும், மிகுதியாக ஒளிரும் மூளையே திறன்மிக்கது என்றும் கூறுகிறது. இரண்டுமே சரியல்ல.

கேட்ட எண்ணை எழுதி முடிக்கும்வரை மனத்தில் நிறுத்திக்கொள்ளும் திறனான செயல்நினைவை அளக்கப் பெரிதும் பயன்படுவது என்-பேக் சோதனை. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும்; இப்போது வந்த எழுத்து இதற்கு முந்தையதுதானா, இரண்டு எழுத்துகளுக்கு முன் வந்ததா, மூன்றுக்கு முன் வந்ததா என்று சொல்ல வேண்டும். கண் பார்ப்பதும் விரல் அழுத்துவதும் ஏறக்குறைய மாறாதிருக்க, மனச்சுமை மட்டும் படிப்படியாக ஏறுவதே இதன் சிறப்பு. அவ்வாறு ஏறும்போது மூளையின் நெற்றி மடலின் பக்கவாட்டுப் பகுதிகளும் உச்சி மடலும் இணைந்த வலையமைப்பில், மூளை இயக்கத்தை நிறங்களாகக் காட்டும் ஸ்கேன் முறையான எஃப்எம்ஆர்ஐயின் சமிக்ஞை உயர்கிறது. அதே வேளையில், 2001-இல் மார்கஸ் ரெய்க்கிலும் அவருடைய சக ஆய்வாளர்களும் விவரித்த டீஃபால்ட் மோட் நெட்வொர்க், அதாவது மனம் தன்போக்கில் அலையும்போது ஓங்கி இயங்கும் பகுதிகளின் தொகுதி, தணிகிறது. அது போதிய அளவு தணியாத தருணங்களில் கவனம் பிசகுவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, அடங்க வேண்டியது அடங்குவதும் இவ்வேலையில் ஒரு பாதி.

உயர்வும் எல்லையற்றதன்று. உருவங்களை மனத்தில் நிறுத்தும் சோதனை ஒன்றில், உச்சி மடலின் பின்பகுதியில் எழும் சமிக்ஞை மூன்று அல்லது நான்கு பொருள்கள்வரை ஏறி, அதன்பின் எத்தனை பொருள்களைக் காட்டினாலும் ஏறாமல் நின்றுவிடுவதை டாட், மரோயி ஆகிய இரு ஆய்வாளர்களும் 2004-இல் கண்டறிந்தனர். செயல்நினைவின் கொள்ளளவு ஏறத்தாழ நான்கு பொருள்கள் என உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் முன்வைத்த மதிப்பீட்டோடு இது பொருந்துகிறது. சுமை கொள்ளளவைத் தாண்டும்போது நெற்றி மடலின் சில பகுதிகளில் சமிக்ஞை இறங்கியதாகவும் முடிவுகள் உண்டு. பயிற்சி பெற்றவர் அதே வேலையைக் குறைந்த சமிக்ஞையோடு முடிப்பதும் அரிதன்று. எனவே குறைந்த நிறம் தேர்ச்சியின் அடையாளமாகவும் இருக்கலாம், தோற்றுப்போய்க் கைவிட்டதன் அடையாளமாகவும் இருக்கலாம். விடைகள் எத்தனை சரியாயின என்பதைப் பார்க்காமல் படத்தை மட்டும் கொண்டு இதைத் தீர்மானிக்க முடியாது.

கட்டுரையுடன் வந்த பெட்டிச் செய்தி, என்-பேக் சோதனையையே விளையாட்டாக ஆடினால் அறிவுக்கூர்மை வளரும் என்கிறது. 2008-இல் அத்தகைய முடிவொன்று பெரிதும் பேசப்பட்டது உண்மைதான். ஆனால், ஒப்பீட்டுக் குழுவினருக்கும் வேறு பயிற்சி அளித்துச் செய்த பிந்தைய ஆய்வுகளில் அப்பயன் பெரும்பாலும் தென்படவில்லை. (விளம்பரங்கள் மட்டும் இன்னும் 2008-லேயே நிற்கின்றன.)

எஃப்எம்ஆர்ஐ நரம்பணுக்களை நேரடியாகப் படம் பிடிப்பதில்லை. இரத்தத்தின் ஆக்சிஜன் நிலையில் ஏற்படும் மாற்றத்தையே அளக்கிறது. அச்சில் நாம் காணும் நிறமோ, பெரும்பாலும் இரு நிலைகளுக்கு இடையிலான புள்ளியியல் வேறுபாடு. ஆகவே இத்தகைய படங்களை இனி வெளியிடும்போது, எந்த இரு நிலைகளை ஒப்பிட்டு அந்நிறம் பெறப்பட்டது என்பதைப் படத்தின் கீழ் ஒரு வரியிலாவது அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்